‘அதெல்லாம் நமக்குத் தெரியாது’ என்பது பெருமையன்று

தமிழ் கற்றோரிடையே விந்தையானதொரு வழக்கம் உண்டு. ஒற்றுப்பிழை மலிந்த நூலைப் பாதியிலேயே மூடிவைப்பர். பாட வேறுபாடு ஒன்றைப் பற்றி மாலை முழுதும் வாதிடுவர். ஆயின், தம் எழுத்து முழுவதையும் தாங்கி நிற்கும் கணினியைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தால், ‘அதெல்லாம் நமக்குத் தெரியாது, பையன் பார்த்துக்கொள்வான்’ என்று கையை விரித்துவிடுவர். விரிப்பதோடு நில்லாது, அவ்வறியாமையை ஓர் அணிகலனாகவும் பூண்டுகொள்வர். கருவியைப் பற்றி ஏதும் அறியாதிருப்பதே இலக்கிய மனத்தின் இலக்கணம் என்பதுபோல் ஒரு தோரணை! இக்கட்டுரை அத்தோரணைக்கு எதிராக எழுதப்படுவது.

இதனை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. இன்டெல் செயலியாயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். ஆகவே, பத்தாண்டுக்கு முன் வாங்கிய மேசைக்கணினியை வைத்திருப்போர் பலரும் புதியது வாங்கும் நிலைக்கு வந்துள்ளனர். ஆசிரியர் அறைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: ‘வீட்டில் அலுவல் பார்க்க வேண்டும், பிள்ளைகள் கொஞ்சம் விளையாடவும் வேண்டும், எதை வாங்கலாம்?’ கேள்வி நல்ல கேள்விதான். விடை தேடும் முறைதான் கோணல்.

சென்னை ரிச்சி தெருவாயினும், மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்தருகே உள்ள சிறு கடையாயினும் உரையாடல் ஒன்றே. ‘பட்ஜெட் எவ்வளவு சார்?’ என்பது முதற்கேள்வி. ‘கேமிங் உண்டா சார்?’ என்பது இரண்டாவது. ‘கொஞ்சம்’ என்று சொல்லிவிட்டால் போதும். கண்ணாடிப் பக்கமும் வண்ணவண்ணமாக ஒளிரும் விசிறிகளும் கொண்ட கேபினட் ஒன்று மேசைமீது ஏறிவிடும். ‘என்ன வேலை செய்கிறீர்கள்? எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? ஒரு நாளில் எத்தனை மணிநேரம் திரையைப் பார்ப்பீர்கள்?’ என்று எவரும் கேட்பதில்லை. கடைக்காரரை நாம் பழிக்கவில்லை. விற்பது அவர் தொழில். தமக்கு வேண்டியதைச் சொல்வது வாங்குவோர் கடமை. அக்கடமையை நம்மவர் பையனிடமும் மைத்துனரிடமும் ஒப்படைத்துவிட்டுக் காசை மட்டும் எண்ணிக் கொடுக்கின்றனர்.

‘தொழில்நுட்பச் சொற்கள் புரிவதில்லை’ என்பர். பகுபத உறுப்பிலக்கணம் கற்றவர் இதைச் சொல்லலாகாது. இன்டெல் செயலி ஒன்றின் பெயரை எடுத்துக்கொள்வோம்: ஐ-5 12400எஃப். இதில் ‘ஐ-5’ என்பது பகுதி. அது குடும்பத்தை மட்டும் சுட்டும். ‘12’ என்பது இடைநிலை; வினைச்சொல்லில் இடைநிலை காலம் காட்டுவதுபோல், இங்கும் எந்தத் தலைமுறை என்னும் காலத்தை அதுவே காட்டும். ‘400’ அத்தலைமுறைக்குள் அதன் படிநிலை. இறுதியில் நிற்கும் ‘எஃப்’ விகுதி. இச்செயலிக்குள் வரைகலைப் பிரிவு இல்லை என்பது அதன் பொருள். தனி வரைகலை அட்டை வாங்காவிடில் திரையில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600க்கும் 5600ஜிக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. முன்னதில் வரைகலை இல்லை, பின்னதில் உண்டு. ஓர் எழுத்து பொருளை மாற்றும் என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுமோ?

கடையில் நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் பகுதி மட்டுமே. ‘ஐ-7 சார், டாப் மாடல்’ என்பர். எந்தக் காலத்து ஐ-7? 2008இல் தொடங்கிய பெயர் அது. 2012இல் வந்த ஐ-7 3770ஐ இன்றும் புதிய உறையிட்டு ‘ஐ-7’ என்றே விற்கலாம், பொய்யுரைத்ததாகாது. ஆனால் 2022இல் வந்த ஐ-3 12100, அந்த ஐ-7ஐ வேகத்தில் எளிதாக விஞ்சும். இரண்டிலும் உள்ளவை நான்கு கருக்களே என்பதை நோக்குக. அதுமட்டுமன்று, அந்தப் பழைய ஐ-7, விண்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியலிலேயே இல்லை. இடைநிலையைக் கேளாமல் பகுதியை மட்டும் கேட்டு வாங்குவோர், வந்தானா வருவானா என்று அறியாமலே வாசலில் விருந்துக்குக் காத்திருப்போரை ஒப்பர்.

அடுத்த மயக்கம் வரைகலை அட்டை. ‘நாலு ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தரேன் சார், எல்லா கேமும் ஓடும்’ என்பது வழக்கமான வாக்குறுதி. அந்த நாலு ஜி.பி. அட்டை எதுவென்று பெயரைக் கேளுங்கள். 2014இல் வெளிவந்த ஜி.டி. 730 ஆக அது இருக்கக்கூடும். அவ்வட்டையின் கெப்ளர் கட்டமைப்புக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி வழங்குவதை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. அட்டையின் நினைவகம் எத்தனை ஜி.பி. என்பது அதன் ஆற்றலைச் சொல்லாது. 2024 தொடக்கத்தில் வந்த ரைசன் 5 8600ஜி போன்ற செயலிக்குள்ளேயே அமைந்த வரைகலைப் பிரிவு, அத்தகைய பழைய அட்டையைப் பெரிதும் விஞ்சுவது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரண்ட், மைன்கிராஃப்ட், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆகியவற்றைக் காட்சித் தரத்தைச் சற்றுக் குறைத்துவைத்து ஆடுவதற்கு அதுவே போதும். வீட்டில் ‘கொஞ்சம் விளையாட’ என்றால் பெரும்பாலும் இவ்வளவே.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். விளையாட்டை நாம் இழிவாகக் கருதவில்லை. பல்லாங்குழியையும் தாயத்தையும் பண்பாட்டுக் கூறுகள் என்று கருத்தரங்கில் கட்டுரை வாசிப்போர், தம் வீட்டுப் பிள்ளை கணினியில் ஆடினால் முகஞ்சுளிப்பது நேர்மையன்று. ஒரே கணினியில் பகலில் வினாத்தாளும் இரவில் விளையாட்டும் நடப்பதில் குற்றமேதும் இல்லை. நாம் எதிர்ப்பது வேறு: சிறிதளவு விளையாட்டின் பெயரால் முழுத்தொகையும் வரைகலைக்கும் விளக்குக்கும் போய்விடுவதை. மேசைக்கணினியின் தலையாய சிறப்பே, இன்று வேண்டாததை இன்று வாங்க வேண்டியதில்லை என்பதுதான். ஈராண்டு கழித்துப் பிள்ளைக்குப் பெரிய விளையாட்டு ஒன்றில் விருப்பம் வந்தால், பக்கத்தகட்டைக் கழற்றி அட்டை ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். அதற்கு இன்று செய்ய வேண்டிய முன்னேற்பாடு ஒன்றே: நல்லதொரு எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.தான் எவரும் கேளாத பொருள். கேபினட்டோடு இலவசமாக வரும் பெயரறியா மின்வழங்கியை நம்பி, அதனினும் பன்மடங்கு விலையுள்ள பொருள்களை அதிற் பிணைக்கின்றனர். அஃது எரிந்தால் தான் மட்டும் எரிவதில்லை. தாய்ப்பலகையையும் உடன் இழுத்துச் செல்லக்கூடும். 80 பிளஸ் சான்று பெற்ற, 550 வாட் அளவிலான மின்வழங்கி, வண்ண விசிறிகளைக் காட்டிலும் பன்மடங்கு மதிப்புடையது. இதனோடு ஒரு யு.பி.எஸ். மின்வெட்டும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் நம்மூரில் மறைந்துவிடவில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 வி.ஏ. வகை ஏறத்தாழ 360 வாட் தாங்கும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிக்கும் திரைக்கும் அது தாராளம். எழுதிக்கொண்டிருப்பதைச் சேமித்து முறையாக நிறுத்தப் போதிய நேரம் தரும்.

இனி அலுவல். தமிழில் எழுதுவோர்க்குக் கணினியின் முதல் உறுப்பு செயலியன்று; திரை. ண, ன, ஞ, ணை, னை என்று சுழிகளால் வேறுபடும் எழுத்து நம்முடையது. மெய்ப்புத் திருத்தும்போது புள்ளி ஒன்று கண்ணுக்குத் தப்பினால் சொல்லே மாறிவிடும். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் நாள் முழுதும் ஆய்வேடு திருத்துவது கண்ணுக்குச் செய்யும் கொடுமை. 24 அங்குலம், 1920க்கு 1080 புள்ளி, ஐ.பி.எஸ். வகை என்பது குறைந்த அளவு என்க. ‘பெரிதாக இருக்கட்டும்’ என்று அதே 1080ஐ 27 அங்குலத்தில் வாங்கினால் எழுத்து பெருக்குமேயன்றித் தெளியாது. 27க்கு 2560க்கு 1440 வேண்டும். உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கி இருப்பின் கழுத்து நன்றி சொல்லும். கணினி மாறினாலும் நல்ல திரை மாறாது. இரண்டு கணினிகளின் வாழ்நாளை அது கண்டுவிடும். ஆயினும் நம்மவர் செயலிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ‘ஏதாவது ஒரு மானிட்டர்’ கேட்கின்றனர்.

விசைப்பலகையும் அவ்வாறே. ‘காம்போ ஃப்ரீ சார்’ என்று கையில் திணிக்கப்படுவதை ஏற்றுக்கொண்டு, நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை அதைத் தட்டுகின்றனர். தட்டிப் பார்த்து வாங்குக. மென்பொருளில் மறவாது செய்ய வேண்டியது ஒன்றுண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இன்று விண்டோஸிலும் லினக்ஸிலும் உள்ளிணைந்தே வருகிறது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்குமாக அமைந்த அதனைக் கற்கச் சில நாள் போதும். இருபது ஆண்டுகளாக ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்போர், தமிழுக்கென்றே அமைந்த ஒன்றை ஒருமுறையேனும் முயன்று பார்க்கலாகாதா?

அடுத்தது சேமிப்பும் நினைவகமும். இயங்குதளம் இருக்குமிடம் எஸ்.எஸ்.டி. ஆதல் வேண்டும், இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. பழைய சுழலும் வன்தட்டில் இயங்குதளத்தை வைத்துவிட்டு ஐ-7 வாங்குவது, மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பந்தயக் குதிரைக்குப் பூட்டுவது. நினைவகம் 16 ஜி.பி.; அதுவும் ஒரே பட்டையாக அன்றி 8 ஜி.பி. பட்டைகள் இரண்டாக. செயலிக்குள் அமைந்த வரைகலைக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் நினைவகத்தையே அது பகிர்ந்துகொள்வது. இரு பட்டைகள் இருந்தால் தரவு இரு வழிகளில் பாயும். விளையாட்டில் அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ‘32 போட்டுக்கலாம் சார், ஃபியூச்சருக்கு நல்லது’ என்னும் அறிவுரைக்குச் செவிசாய்க்க இது காலமன்று. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெரும்பசியால் 2025இன் இறுதியில் நினைவக விலை கடுமையாக ஏறியது. நான்கு செருகிடம் உள்ள தாய்ப்பலகையாக வாங்கிக்கொண்டால், பின்னர் வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம்.

உச்ச வேகத்தைத் துரத்துவோர்க்கும் ஒரு சொல். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளுள் உயர்நிலையில் இருந்தவை பல, மிகை மின்னழுத்தத்தால் நிலைதடுமாறிய செய்தி 2024இல் பெரிதாகப் பேசப்பட்டது. அந்நிறுவனமே உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது. உச்சிக்கொம்பில் ஏறியோர்க்கு நேர்ந்தது அது. வினாத்தாள் தட்டச்சுக்கு உச்சிக்கொம்பு வேண்டா.

மென்பொருளுக்கு வருவோம். பிறர் கவிதை வரியைத் திருடியோரை நடுத்தெருவில் நிறுத்தும் நம்மவர், ‘விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் போட்டுக் கொடுத்துட்டோம் சார்’ என்று கடைக்காரர் சொல்லும்போது மட்டும் மௌனம் காப்பதேன்? உரிமம் பெறாத படி என்பதை இருவரும் அறிவர். அறம் கிடக்கட்டும், அதனை இயக்கப் பயன்படும் சிறு நிரல்கள் வழியே தீநிரல் புகுந்தால் பறிபோவது தம் எழுத்தும் வங்கிக் கணக்குமே. உரிமத்துக்குப் பணம் ஒதுக்குக. இயலாதெனில் லினக்ஸ் உண்டு, 2010இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் உண்டு. இரண்டும் தமிழை நன்கு கையாள்வன. ஆனால் வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது எதுவென்று முன்பே கேட்டுக்கொள்க. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 லினக்ஸில் ஓடும், வேலரண்ட் ஓடாது. விண்டோஸ் 11இலும் வேலரண்டுக்கு டி.பி.எம். 2.0, பாதுகாப்பான தொடக்கம் இரண்டும் இயங்கு நிலையில் இருத்தல் வேண்டும். கணினி வாங்குவது குடும்பம் கூடிப் பேச வேண்டிய செய்தி என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுப்போர் கூறுவன மூன்று.

‘கைபேசியே போதுமே’ என்பர். படிப்பதற்குப் போதும். அடிக்குறிப்போடு கூடிய நூறு பக்க ஆய்வேட்டை உள்ளங்கைத் திரையில் திருத்துவோர் எவரேனும் உண்டெனில் அவர்க்கு நம் வணக்கம்.

‘மடிக்கணினி போதுமே’ என்பர். ஊர் ஊராகச் செல்வோர்க்கு அதுவே பொருந்தும். ஆனால் வீட்டு மேசையிலேயே ஆண்டு முழுதும் கிடக்கும் மடிக்கணினி, தாழ்ந்த திரையால் தலையைக் குனியவைப்பது. மெல்லிய வகைகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் ஒன்று பழுதானால் முழுதும் பழுது. மேசைக்கணினியில் பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். நிழற்படக் கருவியும் வைஃபையும் மடிக்கணினியில் உடன்வருவன. மேசைக்கணினியில் தனியே கேட்டுப் பெற வேண்டியவை. இணையவழி வகுப்பு எடுப்போர் இதனை மறவற்க.

‘பெரிய நிறுவனத்தின் கணினியை முழுதாக வாங்கினால் தொல்லையில்லையே’ என்பர். உத்தரவாதம் ஒரே இடத்தில் கிடைப்பது உண்மை. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவற்றுள் சில, தமக்கே உரிய வடிவில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் கொண்டவை. பின்னர் வெளியில் வாங்கிப் பொருத்த இயலாது. ‘உறுப்புகள் பொதுத்தர அளவினவா?’ என்று கேட்டு வாங்குக. உதிரிகளாக வாங்கிக் கூட்டினால், ஒவ்வோர் உறுப்பின் பெயரும் தொடர் எண்ணும் குறித்த ஜி.எஸ்.டி. பில்லைப் பெறுக. பில் இல்லா விலைக்குறைப்பு, உத்தரவாதத்தை விற்றுப் பெறும் விலைக்குறைப்பு.

இத்தனையும் ஒரு பெட்டியைப் பற்றியதுதானே, இலக்கிய அன்பர்கள் கூடுமிடத்தில் இதற்கென்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். வேலை உண்டு. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியதையும், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததையும் வகுப்பில் உருகிச் சொல்கிறோம். செல்லுக்கும் நெருப்புக்கும் இரையான ஏடுகளை எண்ணி வருந்துகிறோம். நம் காலத்து ஏடுகள் எங்கே உள்ளன? இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு முன் தட்டச்சு செய்யப்பட்டவை பல, அவ்வவ் எழுத்துருவுக்கு மட்டுமே உரிய குறியேற்றத்தில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்க் கிடக்கின்றன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்குப் பின்னும் பழைய குறியேற்றத்திலேயே எழுதிக் குவித்தோர் உளர். அவர்களது வன்தட்டு ஒரு நாள் நின்றுபோகும். அப்போது தேடிச்செல்ல எந்த மடத்துப் பரணும் இராது.

ஆகவே புதிய கணினி வீடு வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, விளக்கின் வண்ணத்தை மாற்றிப் பார்ப்பதன்று. பழைய கோப்புகளைத் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி, மூன்று படிகள் எடுப்பது: ஒன்று கணினியில், ஒன்று தனியே கழற்றிவைக்கும் வெளிவன்தட்டில், ஒன்று வீட்டுக்கு வெளியே, மேகச் சேமிப்பிலோ நம்பகமான நண்பரிடத்திலோ. வெளிவன்தட்டின் விலையையும் தொடக்கத்திலேயே தொகையிற் சேர்த்துக்கொள்க. அது துணைப்பொருளன்று; தலையாய பொருள்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாள்தோறும் செய்யும் பணி எது? பிள்ளைகள் ஆடும் விளையாட்டின் பெயர் என்ன? செயலியின் முழுப்பெயர் என்ன. அதன் இடைநிலை எது, விகுதி எது? நினைவகம் ஒரு பட்டையா, இரண்டா? எஸ்.எம்.பி.எஸ்.க்குச் சான்று உண்டா? திரையின் புள்ளி எத்தனை? உரிமம் உண்டா? பில்லில் தொடர் எண் உண்டா? இந்த எட்டுக் கேள்விகளைக் கேட்கப் பொறியியற் பட்டம் வேண்டா. கூர்ந்து படிக்கும் பழக்கம் போதும். அப்பழக்கத்தைத்தானே நாம் வாழ்நாளெல்லாம் கற்பித்து வருகிறோம்?

பையன் உடன் வரட்டும். பெட்டியைத் தூக்க உதவட்டும். கேள்விகளை நாமே கேட்போம்.